குருவிகளுக்கு வைத்த தண்ணீர்

முதலில் செத்தது ஒரு மைனா. தையலக்கா பால்கனி ஓரமாக மெஷினைப் போட்டுத் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். துணி காயப்போடும் கம்பியில் உட்கார்ந்திருந்த மைனா இரண்டு முறை தலையை உதறிவிட்டு, தைத்து முடித்த உறைகளின் மேலேயே பொத்தென்று விழுந்தது. காலை இழுத்து இழுத்து உதைத்தது. அலகோரம் நுரை. அவள் எழுந்து ஓடித் தண்ணீர் கொண்டுவருவதற்குள் அடங்கிவிட்டது. "சனியனே, சாகறதுக்கு என் மெஷின்தான் கிடைச்சுதா உனக்கு" என்று திட்டினாள். திட்டிய வாய் மூடுவதற்குள் பாவமாகவும் இருந்தது. வெட்டுத் துணி ஒன்றில் சுற்றிக் கீழே கொண்டுபோய், சுவரோரம் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தாள்.

அந்த வாரம் முடிவதற்குள் குடியிருப்பு முழுக்க இதே கதையாகிவிட்டது. மாடிப்படியில் சிட்டுக்குருவி, கார் மேல் புறா, தண்ணீர்த் தொட்டியின் மூடி மேல் காக்கை. காலையில் கதவைத் திறக்கிறவர்கள் முதலில் குனிந்து தரையைப் பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வெளியே வைத்தார்கள். நாலு கட்டடத்திலும் வேறு பேச்சே இல்லை. எங்கே சுற்றினாலும் பேச்சு கடைசியில் ஒரே ஆள் மேல்தான் வந்து நின்றது. மருந்துக்காரர். தையலக்காவின் வீட்டுக்காரர்.

அவரைக் கூப்பிட்டதே இவர்கள்தான் என்பது ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. அதற்கு முந்தின மாதம் மரத்துக்கு மரம் கம்பளிப்பூச்சி. காயப்போட்ட துணியில், குழந்தைகளின் சட்டைக் காலரில், சாப்பிடும் தட்டில்கூட. மொத்தக் குடியிருப்பும் உடம்பைச் சொறிந்துகொண்டு, "இன்னும் எத்தனை நாளைக்கு? யாராவது மருந்து அடிங்கப்பா" என்று கத்தியது. கட்டடங்களைச் சுத்தம் செய்து, பூச்சி மருந்து அடித்துக் கொடுக்கும் காண்டிராக்டர் ஒருவரிடம்தான் அவர் வேலை பார்த்தார். முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு, மூக்கில் முகமூடியும் கண்ணுக்குக் கண்ணாடியுமாக ஒவ்வொரு மரமாக அடித்துவிட்டுப் போனார். கம்பளிப்பூச்சி கொத்துக்கொத்தாகக் கொட்டியபோது, கைதட்டாத குறைதான். அதே கைகள் இப்போது அவரைப் பார்த்தால் நீட்டிக் காட்டின. ஜன்னலுக்குப் பின்னால் நின்று கிசுகிசுத்தார்கள். அவர் பதில் பேசுகிற ஜாதி இல்லை. குனிந்த தலை நிமிராமல் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போவார்.

அவருக்கும் சேர்த்து வாய் வைத்துக்கொண்டிருந்தவள் தையலக்கா. அவள் வாயில் விழுந்து எழுந்தவர்கள் அந்தக் குடியிருப்பில் பாதிப் பேர். மீதிப் பேர் அவளுக்குச் சிநேகிதர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டார்கள். சங்கச் செயலாளர் தபால் ஆபீசில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். "நான் யாரையும் குறை சொல்லல" என்று ஆரம்பித்து, முழுக்க முழுக்கக் குறை மட்டுமே சொல்லி முடிக்கிற சாமர்த்தியம் அவருக்கு உண்டு.

"நான் யாரையும் குறை சொல்லல. ஆனா மருந்தைத் தண்ணி கலக்காம அடிச்சிருக்காங்க. அளவு தெரியாதவங்க கையில டேங்கைக் குடுத்தா இப்படித்தான் ஆகும். காண்டிராக்டர்கிட்ட நான் பேசிட்டேன். இந்த ஆளை வேலையை விட்டு எடுக்கணும்னு கேட்டிருக்கேன்."

எல்லோரும் தலையாட்டினார்கள். பின்வரிசையில் மருந்துக்காரரும் நின்றிருந்தார். பதினெட்டு வருஷமாக அந்த ஒரு வேலையைத்தான் அவர் செய்துவந்தார். வேறு எதுவும் தெரியாது. இந்த வயதில் வேறு யாரும் சேர்த்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

தையலக்கா எழுந்தாள்.

"சார், ஒரு நிமிஷம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற குடியிருப்புக்கும் இவர்தானே மருந்து அடிச்சாரு? அதே நாள், அதே டேங்க். இங்க பாதி, அங்க பாதி. அதே மரம், அதே பூச்சி. கரெக்டா?"

"ஆமா, அதுக்கு என்ன இப்ப?"

"அங்க ஒரு குருவி செத்துச்சா? போய்ப் பார்த்தீங்களா? நான் பார்த்தேன். நேத்து அந்த வாட்ச்மேனைக் கேட்டேன். 'எங்க பக்கம் ஒண்ணும் இல்லையே'ன்னு சிரிக்கிறாரு. காலையில காது கிழியுற மாதிரிக் கத்துதுங்க அங்க. மருந்துல விஷம் ஜாஸ்தின்னா அங்கயும்தானே சாகணும்? இல்ல, ரோட்டைத் தாண்டும்போது மருந்து தானா தண்ணியாகிடுச்சா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செயலாளர் வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்து, "நான் யாரையும்..." என்றார். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. மூன்றாம் மாடி டீச்சர் தையலக்காவின் முதுகில் தட்டி, "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்மா" என்றாள். கூட்டத்தின் முகமே மாறிவிட்டது. வெயில் கொடுமையாக இருக்கலாம், ஏதாவது பறவைக் காய்ச்சலாக இருக்கலாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். காரணம் தெரிகிறவரை எல்லோரும் பறவைகளுக்குக் கூடுதலாகத் தண்ணீர் வைப்பது என்று முடிவானது.

"கிண்ணம் இல்லாதவங்க எங்கிட்ட வாங்கிக்குங்க. இன்னும் ரெண்டு இருக்கு" என்றாள் தையலக்கா பெருமையாக.

கிண்ணம் அவளுடைய கைவேலை. வெயில் ஆரம்பித்த புதிதில், வீட்டுக்காரர் கொண்டுவந்து போட்டிருந்த காலி சோப்புக் கேன்களைக் குறுக்கே வெட்டி, விளிம்பில் பழைய துணிப்பட்டை வைத்துத் தைத்து, பால்கனிக் கம்பியில் கட்டுகிற மாதிரி நாடாவும் வைத்து, பறவைகள் தண்ணீர் குடிக்கிற கிண்ணமாக்கியிருந்தாள். தரை கழுவும் சோப்புத் தண்ணீர் வருகிற, தடித்த, வெள்ளைக் கேன்கள். முதலில் டீச்சர் ஒன்று கேட்டாள். பிறகு டீச்சருக்குக் கொடுத்தாயே என்று அடுத்த வீடு. அதற்குள் அது ஒரு கௌரவமாகிவிட்டது. கிண்ணம் தொங்காத பால்கனி ஏதோ கஞ்சன் வீட்டுப் பால்கனி மாதிரி தெரிந்தது. சோப்புக் கேன்கள் தீர்ந்த பிறகும் கேட்டவர்களுக்கு அவள் இல்லையென்று சொல்லவில்லை.

கூட்டம் முடிந்து மாடி ஏறும்போது அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. டீ போட்டாள். வீட்டுக்காரருக்கு ஒரு டம்ளர் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, "நீ இல்லேன்னா இன்னிக்கு என்னை உரிச்சிருப்பாங்க" என்றார். அவர் அவ்வளவு பேசுவதே அபூர்வம். மறுபடி டேங்கைக் கழுவக் கீழே போய்விட்டார். அவள் தன் டம்ளரோடு மெஷினுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கட்டடம் அங்கிருந்து நன்றாகத் தெரியும். அந்தப் பால்கனிகளில் துணி தொங்கியது, செடி இருந்தது, பழைய சைக்கிள் இருந்தது. குருவிகள் கும்மாளம் போட்டன. கூட்டத்தில் அவள் கேட்ட கேள்வி இப்போது திரும்பி அவளிடமே வந்தது. அதே மருந்து, அதே மரம். அங்கே சாகவில்லை. அப்படியென்றால் இங்கே இருக்கிற எது அங்கே இல்லை?

கேட்டு முடிக்கும்போதே பதில் கண் முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஒரு பால்கனியிலும் வெள்ளைக் கிண்ணம் இல்லை.

அவள் பால்கனியில் இரண்டு கிண்ணங்கள் இருந்தன. பழையது பாசி பிடித்துப் போயிருந்ததால் போன வாரம்தான் புதிதாக ஒன்று கட்டியிருந்தாள். ஒரு சிட்டுக்குருவி வந்து புதியதன் விளிம்பில் உட்கார்ந்தது. அலகை நனைத்தது, தலையைத் தூக்கியது, மறுபடி நனைத்தது. "ஷூ, ஷூ, போ" என்று அவள் கையை வீசினாள். அது பறந்து எதிர்க் கம்பிக்குப் போய் உட்கார்ந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீ ஆறி ஆடை கட்டியது. குருவி சிறகை ஒரு பக்கமாகத் தொங்கப்போட்டது. பிறகு கம்பியிலிருந்து கழன்று கீழே போனது.

கிண்ணத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே மூக்கை வைத்து முகர்ந்தாள். வெயிலில் சூடேறியிருந்த பிளாஸ்டிக்கிலிருந்து ஒரு நாற்றம் வந்தது. மரத்துக்கு மருந்து அடித்துவிட்டு வந்த அன்று வீட்டுக்காரரின் சட்டையில் வீசிய அதே நாற்றம். சட்டையைத் தனியாகத் துவைத்தது ஞாபகம் வந்தது.

சோப்புக் கேன் தீர்ந்ததும் அவள் எடுத்து வெட்டியது பரண்மேல் இருந்த கேன்களை. அவற்றை அங்கே போட்டுவைத்து, "இதைத் தொடாதே, பழைய சாமான்காரன் வந்தா போடணும்" என்று அவர் சொல்லியிருந்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாலு காசுக்கு ஆசைப்பட்டுச் சொல்கிறார் என்றுதான் நினைத்தாள். பார்க்க சோப்புக் கேன் மாதிரியேதான் இருந்தன. மேலே ஒட்டியிருந்த தாளை ஊறவைத்து உரித்து, சோப்புப் போட்டு, வெந்நீர் ஊற்றிக் குலுக்கி, வெயிலில் காயவைத்துத்தான் வெட்டினாள். அவ்வளவு சுத்தமாகக் கழுவினதில் அவளுக்கு ஒரு திமிர்கூட இருந்தது.

மருந்துக்காரர் மேலே வந்தபோது அவள் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர் கிண்ணத்தைப் பார்த்தார். பரணைப் பார்த்தார். ஸ்டூலைப் போட்டு ஏறிக் கையை விட்டுத் துழாவினார்.

"கேன் எல்லாம் எங்க?"

"வெட்டிட்டேங்க."

"தொடாதேன்னு சொன்னேனா, இல்லையா?"

"கழுவினேங்க. நல்லாத் தேய்ச்சுக் கழுவித்தான்..."

"அது கழுவினாப் போற சாமான் இல்ல." அவர் குரல் உயரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "எண்ணெய் மாதிரி அது. பிளாஸ்டிக்குக்குள்ளயே ஊறிடும். வெயில் பட்டா திரும்பக் கசியும். ஓட்டை போட்டுத் திருப்பிக் குடுக்கணும்னு காண்டிராக்டர் சொல்லியிருக்காரு."

"அப்புறம் எதுக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தீங்க?"

அவர் ஸ்டூலிலிருந்து இறங்கினார். "எல்லாரும் கொண்டு போறாங்க" என்றார். பிறகு, "சத்தம் காட்டாம எல்லாத்தையும் திரும்ப வாங்கிட்டு வந்துடு. யார்கிட்டயும் மூச்சு விடாதே. வேலை போறது மட்டும் இல்ல, என்னைத் தூக்கி உள்ள வச்சிருவாங்க."

ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு தையலக்கா வீடு வீடாகப் போனாள். பொய் சொல்வது அவளுக்கு ஒன்றும் கஷ்டமில்லை, ஆனால் அன்றைக்கு யார் முகத்தையும் பார்க்காமலே சொன்னாள். "நின்ன தண்ணியில கொசு வருதாம். எல்லாத்தையும் எடுக்கச் சொல்லி ஆர்டராம்" என்றாள். டீச்சர் விடவில்லை.

"காலையிலதானேம்மா நீயே நிறைய வைக்கச் சொன்னே? வாயில்லா ஜீவன்கள் தண்ணிக்கு எங்க போகும்?"

"மண்சட்டி வாங்கித் தரேன் டீச்சர். நாளைக்கே வாங்கித் தரேன். இதை மட்டும் குடுத்துடுங்க."

"உன் முகம் ஏன் இப்படி இருக்கு?"

"தலைவலி டீச்சர்" என்று சொல்லிவிட்டு, அவிழ்க்கப் பொறுமையில்லாமல் நாடாவைக் கத்தரித்தே கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் சாக்கைக் கொண்டுவந்து கொட்டினாள். மருந்துக்காரர் கதவைச் சாத்திவிட்டு, தலைப்பாதியையும் அடிப்பாதியையும் ஜோடி சேர்த்து வைத்தார். பாதிகளைச் சேர்த்துக் கேனாக்கிப் பார்த்தவர் நிமிர்ந்தார்.

"ஒரு கேன் முழுசாக் குறையுது."

அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அதை வெட்டலங்க. அப்படியே குடுத்துட்டேன். கீழ்வீட்டுச் சின்னப்பொண்ணுக்கு."

"எதுக்கு?"

"தண்ணி பிடிச்சு வைக்க."

சின்னப்பொண்ணு என்று மொத்தக் கட்டடமும் கூப்பிட்டது லாரி டிரைவரின் மனைவியை. அவன் வண்டியோடு போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். கைக்குழந்தையோடு தனியாக இருந்தாள். குழாயில் தண்ணீர் நின்று நின்று வந்த சமயம், குழந்தைக்குப் பால் கலக்கத் தண்ணீர் பிடித்து வைக்க மூடிபோட்ட கேன் ஏதாவது இருந்தால் கொடுங்களேன் என்று கேட்டாள். தையலக்கா ஒன்றை எடுத்துக் கொடுத்து, "குடிக்கற தண்ணியே வைக்கலாம். நான் கழுவினா கண்ணாடி மாதிரி இருக்கும்" என்று சொல்லியனுப்பினாள். முந்தாநாள்தான் அந்தப் பெண் படியில் நின்று, குழந்தை பாலைக் கக்கிக்கொண்டே இருக்கிறது, வாயோரம் ஜொள்ளு நிற்கவே இல்லை என்று கண்ணைக் கசக்கினாள். "பல்லு முளைக்குது, வேற ஒண்ணும் இல்ல. பயப்படாதே" என்று தையலக்காதான் தைரியம் சொன்னாள்.

இருவரும் படியில் உருளாத குறையாக இறங்கினார்கள். கீழ்வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்தார்.

"குழந்தைக்கு வலிப்பு மாதிரி வந்துடுச்சுக்கா. இப்பத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க."

ஜன்னல் வழியாகச் சமையல் மேடை தெரிந்தது. கேஸ் அடுப்பு, பால் பாட்டில், பால்பவுடர் டப்பா, அதற்குப் பக்கத்தில் வெள்ளைக் கேன். ஈ மொய்க்காமல் மேலே சுத்தமான துணி போட்டு மூடியிருந்தது.

அவர் ஸ்கூட்டரை எடுத்தார், அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் திரும்பினார்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவள் வாயைத் திறந்தாள். காலையில் ஒரு கூட்டத்தையே மடக்கிப்போட்ட வாய்தான். சத்தம் வரவில்லை. அவர் ஒரு நொடி பார்த்தார். பிறகு அவளுக்கு முன்னால் விறுவிறுவென்று உள்ளே நடந்தார்.

அவசரப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் சின்னப்பொண்ணு குழந்தையின் ஒற்றைச் சாக்ஸைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தாள். ஒரு டாக்டரம்மா குனிந்து, "என்ன சாப்பிட்டா? எதையாவது எடுத்து வாயில போட்டாளா? நல்லா யோசிச்சுச் சொல்லும்மா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பால் மட்டும்தான் டாக்டர். வேற ஒண்ணுமே குடுக்கல."

"பூச்சி மருந்து டாக்டர்" என்றார் மருந்துக்காரர். மருந்தின் பெயரைச் சொன்னார், எதற்கு அடிப்பது என்று சொன்னார், அது இருந்த கேனில் தண்ணீர் வைத்துப் பால் கலக்கியிருக்கிறார்கள் என்று சொன்னார். அவர் அவ்வளவு கோர்வையாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. டாக்டரம்மா முழுவதும் கேட்க நிற்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு, ஊசிமருந்தின் பெயரைக் கத்தியபடி உள்ளே ஓடினார்.

சின்னப்பொண்ணு எழுந்தாள். முதலில் அவளுக்குப் புரியவே இல்லை. பிறகு தையலக்காவைப் பார்த்தாள்.

"அக்கா, அது சோப்புக் கேன்னுதானே..."

"இவளுக்குத் தெரியாதும்மா" என்றார் மருந்துக்காரர். "நான்தான் சோப்புக் கேன்னு சொல்லிக் குடுத்தேன். மருந்துக் கேனும் அதோட கலந்திருந்துச்சு. நான் பார்க்காம கொண்டாந்துட்டேன். இவ மேல தப்பில்ல."

அந்தப் பெண் அவர்மேல் பாய்ந்தாள். நெஞ்சிலும் முகத்திலும் இரண்டு கையாலும் அடித்தாள். அவர் தடுக்கவில்லை, மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தபோது குனிந்து எடுக்கவும் இல்லை. இரண்டு ஆயாக்கள் வந்து அவளைப் பிடித்து இழுத்தார்கள். இழுபட்டவள் அப்படியே திரும்பித் தையலக்காவின் தோளில் விழுந்து கதறினாள்.

"உங்களையும் ஏமாத்திட்டாரேக்கா! நம்பிக் கொண்டாந்து குடுத்தீங்களே எனக்கு!"

தையலக்கா அவள் முதுகைத் தடவினாள். தொடாதே என்றுதான் அவர் சொன்னார், நான்தான் தொட்டேன். சொல்வதற்கு இருந்தது இவ்வளவுதான். சொன்னால் இந்தக் கை தன் தோளை விட்டுவிடும் என்று பயமாக இருந்தது. இந்தப் பெண், டீச்சர், மொத்தக் குடியிருப்பும் நாளைக்குத் தன்னைப் பார்க்கும் பார்வையை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது. தன்னைப் பற்றியே அருவருப்பாக இருந்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை.

டாக்டரம்மா வெளியே வந்து, மாற்று மருந்து ஏற்றியிருப்பதாகவும், விடியும்வரை எதுவும் சொல்ல முடியாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவருக்குப் பின்னாலேயே ஆஸ்பத்திரியில் காவலுக்கு இருக்கும் போலீஸ்காரர் வந்தார். மருந்துக்காரரிடம் இரண்டு கேள்வி கேட்டார். அவர் அதையேதான் திரும்பச் சொன்னார். போலீஸ்காரர் தையலக்காவின் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இவர் சம்சாரம் நீங்கதானே? இவரு சொல்றது சரியா? அது மருந்துக் கேன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

சுவரோரம் நின்ற மருந்துக்காரர் அவளைப் பார்த்தார். கண்ணாடி இல்லாத கண்கள் சிவந்திருந்தன. அவர் ஜாடை எதுவும் காட்டவில்லை. பேச்சை அவளிடம் விட்டுவிட்டுப் பேசாமல் நிற்பதுதான் எப்போதும் அவர் வழக்கம்.

"தெரியாதுங்க" என்றாள் தையலக்கா.

சின்னப்பொண்ணு அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டாள்.